யார் செலவில் திருவிழா? நம் மாவட்டக் கோடை விழாக்களின் வரவு செலவு

கோடை விழா என்று சொன்னதும் நம்மில் பலருக்கு ஊட்டி மலர்க் கண்காட்சியும் கொடைக்கானலும் ஏற்காடும்தான் நினைவுக்கு வரும். அந்த நினைப்புக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. வெயில் தாங்காத வெள்ளைக்கார அதிகாரிகள் கோடை வந்தால் மலை ஏறினார்கள். 1870 முதல் சென்னை மாகாண அரசாங்கமே கோடை மாதங்களில் உதகமண்டலத்துக்கு இடம் மாறியது. கோப்புகளும் குமாஸ்தாக்களும் கூடவே போனார்கள். மலை ஏறியவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே! குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி என்று ஒவ்வொன்றாக வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு அதே வழக்கம் சுற்றுலாத் துறையின் கோடை விழாவாகத் தொடர்ந்தது.

ஆனால் கடலூரிலும் சிதம்பரத்திலும் இருந்த சாதாரண ஜனங்கள் எங்கே ஓடுவது? இருந்த இடத்திலேயே பந்தல் போட்டு, நீர்மோர் கரைத்து, மேளம் வைத்துக் கோடையைக் கழித்தார்கள். நம் பக்கத்துக் கோடை விழா அப்படி வந்தது. அதற்கு யார் செலவு செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்பதைத்தான் இந்த இதழில் எழுத நினைத்தேன். வங்கியில் பேரேட்டோடு காலம் தள்ளியவனுக்கு எதைப் பார்த்தாலும் வரவு எங்கே, செலவு எங்கே என்றுதான் கண் போகிறது. பொறுத்துக்கொள்ளவும்.

நான்கு மாதத் திருவிழா

சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். இந்த நான்கு மாதமும் நம் மாவட்டத்தில் விழாவுக்குக் குறைவில்லை. சித்திரையில் திருவந்திபுரம் தேவநாத சுவாமிக்குத் தேர். வைகாசியில் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் பெருவிழா. ஆனியில் சிதம்பரம் நடராஜருக்குத் திருமஞ்சனம். ஆடியில் தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் வார்த்தல்.

சம்பா அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்திருக்கும். அடுத்த நடவுக்கு ஆற்றில் தண்ணீர் வர வேண்டும். கையில் கொஞ்சம் காசும் உடம்புக்கு ஓய்வும் சேர்ந்து கிடைக்கும் நேரம் இதுதான். விழாவுக்கு வேறென்ன வேண்டும்?

இதில் பெரியது சிதம்பரத்து ஆனித் திருமஞ்சனம். நடராஜருக்கு ஆண்டுக்கு ஆறு அபிஷேகம்தான். தேவர்களின் ஒரு நாளில் உள்ள ஆறு கால பூஜையாக அவற்றைச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் மார்கழி விடியற்காலை, சித்திரை உச்சிப் பொழுது, ஆனி சாயங்காலம். பத்து நாள் விழாவில் ஒன்பதாம் நாள் தேர். பிற கோயில்களில் உற்சவ மூர்த்திதான் வீதிக்கு வருவார். சிதம்பரத்தில் மூலவர் நடராஜரே சிவகாமசுந்தரியோடு தேர் ஏறுகிறார். விநாயகர், முருகர், சண்டிகேஸ்வரர் தேர்களையும் சேர்த்து ஐந்து தேர்கள் கீழவீதி, தெற்கு வீதி, மேலவீதி, வடக்கு வீதி என்று சுற்றி வரும். அன்று இரவு ஆயிரங்கால் மண்டபம். மறுநாள் விடியலில் அபிஷேகம், பிற்பகலில் தரிசனம்.

நான் சிதம்பரத்தில் கிளையில் வேலை பார்த்த வருடங்களில், தேர் முடிந்த மறுநாள் கவுன்டரில் சில்லறை மூட்டைகள் குவியும். பனையோலை விசிறி விற்றவர், பலாச்சுளை விற்ற அம்மா, வளையல் கடைக்காரர் என்று வரிசையாக நிற்பார்கள். எண்ணி முடிக்கவே மதியம் ஆகிவிடும். ஒரு திருவிழா எத்தனை அடுப்பை எரிய வைக்கிறது என்பதை அந்த மூட்டைகளில் பார்த்திருக்கிறேன்.

அசலும் வட்டியும்

இத்தனை பெரிய விழாவுக்குச் செலவு எங்கிருந்து வந்தது? சோழர் காலக் கல்வெட்டுகளைப் படித்தால் விடை கிடைக்கிறது. திருவிழாவுக்கு, விளக்குக்கு, அடியார்களுக்குச் சோறு போட, திருப்பதியம் பாட என்று தனித்தனியே நிலம் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைய பாஷையில் சொன்னால் நிரந்தர வைப்பு. நிலம் அசல், விளைச்சல் வட்டி. அசலில் கை வைக்கக்கூடாது. வட்டியில் விழா நடக்கும். இதற்குப் பெயர்தான் கட்டளை.

பாட்டுக்காரருக்குச் சம்பளம் எவ்வளவு என்பது வரை எழுதி வைத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர், ஆக 50 பேரை ராஜராஜன் நியமித்தான். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு மூன்று குறுணி நெல். பாடுகிறவர் பசியோடு பாடக்கூடாது என்ற எண்ணம் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

சிதம்பரத்தில் இந்த வகையில் மறக்கக்கூடாத பெயர் நரலோகவீரன் என்கிற மணவில் கூத்தன். முதலாம் குலோத்துங்கன், விக்கிரம சோழன் காலத்துத் தளபதி. தேவாரத்தைச் செப்பேடுகளில் எழுதச் செய்தவர், நூற்றுக்கால் மண்டபம் கட்டியவர். மாசி விழாவில் சுவாமி கடற்கரைக்குப் போகச் சாலையும் அமைத்தார். சாமி போக ஒரு சாலை போட்டால் அது ஊரும் போகும் சாலைதானே.

கட்டளைக்குப் பிறகு மண்டகப்படி என்று ஒரு முறை வேரூன்றியது. முதல் நாள் இன்னார், இரண்டாம் நாள் இந்தத் தெரு, மூன்றாம் நாள் இந்தச் சமூகம் என்று செலவைப் பங்கு போட்டுக்கொள்வது. அன்றைய அலங்காரம், மேளம், பிரசாதம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. சிதம்பரம் தேரோட்டத்திலேயே அழகான உதாரணம் இருக்கிறது. பார்வதி தேவி தங்கள் குலத்துப் பெண் என்று சொல்லும் பர்வதராஜ குல மீனவர்கள், வீதி சுற்றி வரும் தேரை நிறுத்தி, பட்டு சாத்தி, தாய்வீட்டுச் சீர் செய்து அனுப்புகிறார்கள். கட்டிக்கொடுத்த பெண் தெருவில் வரும்போது வெறும் கையோடு நிற்க முடியுமா?

ஆடிக் கூழும் இதே கணக்குத்தான். வீட்டுக்கு வீடு கேழ்வரகு வாங்கி, பொது அண்டாவில் காய்ச்சி, வரிசையில் வருகிற எல்லாருக்கும் ஊற்றுகிறார்கள். கூடவே வெங்காயம், முருங்கைக்கீரை, சில தெருக்களில் கருவாட்டுக் குழம்பு. பம்பையும் உடுக்கையும் காதைப் பிளக்கும். இரவு தெருக்கூத்து. ஒரு படி மாவு கொடுத்தவருக்கும் ஒரு மூட்டை கொடுத்தவருக்கும் அதே கூழ்தான்.

பங்கு கிடைக்காதவர்கள்

கணக்கு என்றால் இரண்டு பக்கமும் எழுத வேண்டும். இந்த விழாக்களில் நூற்றாண்டுகளாகப் பங்கு மறுக்கப்பட்டவர்கள் உண்டு. நந்தனார் கதை நடந்த ஊரே சிதம்பரம். "நாளைப் போவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் திருநாளைப்போவார் என்று பெயர் பெற்றவர். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதை நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளாகப் பாடி, கேட்டவர்களைக் கண்ணீர் விட வைத்தார். அந்தக் கதையைக் கேட்டு உருகியவர்கள் எல்லாரும் தங்கள் ஊர் நந்தன்களைப் பந்தியில் பக்கத்தில் உட்கார வைத்தார்களா என்பது வேறு கேள்வி.

அதற்குச் செயலில் பதில் சொன்னவர் சுவாமி சகஜானந்தர். 1916ல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரிலேயே ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். பின்னாளில் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். திருவிழா வரலாறு எழுதும்போது அந்தப் பள்ளியையும் சேர்த்து எழுதினால்தான் ஐந்தொகை சரியாக வரும்.

கேட்ட பாட்டு, சாப்பிட்ட சோறு

நம் மாவட்டம் பாட்டுக்குப் பிறந்த மண். அப்பர் பிறந்த திருவாமூரும் அவர் மனம் மாறிய திருவதிகையும் பண்ருட்டிப் பக்கம். கல்லோடு கட்டிக் கடலில் போடப்பட்டவர் நமச்சிவாயப் பதிகம் பாடிக் கரை சேர்ந்தது திருப்பாதிரிப்புலியூரில் என்கிறது பெரிய புராணம். கரையேறவிட்டகுப்பம் என்ற பெயர் இன்றும் கடலூரில் இருக்கிறது. சித்திரையில் அப்பர் கரையேறும் விழாவும் நடக்கிறது. தேவார ஏடுகள் கிடைத்த இடம் தில்லைக் கோயில் என்று திருமுறை கண்ட புராணம் சொல்லும்.

1929ல் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தொடங்கினார். கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக்குக் கடைசி இடம்தான் என்றிருந்த காலத்தில், 1941ல் முதல் தமிழிசை மாநாடு அண்ணாமலை நகரில் கூடியது. நந்தனார் படத்தில் நடித்துப் பாடிய தண்டபாணி தேசிகர் பிற்பாடு அதே பல்கலைக்கழகத்தில் இசைத் துறைத் தலைவராக இருந்தார்.

ஆனால் திருவிழாவில் சாமான்யன் காது குளிரக் கேட்டது நாதஸ்வரமும் தவிலும்தான். சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி, பிறகு வீதியில் ராகம். டிக்கெட் கிடையாது. மேளக்காரர் நின்று வாசிக்கும் முச்சந்தியில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். லண்டனில் 1895ல் ஒரு ஷில்லிங்குக்கு நின்றபடியே கேட்கலாம் என்று கோடைக் கச்சேரி தொடங்கி, அது இன்றுவரை பேர் சொல்கிறது. நம் வீதிகளில் அந்த ஒரு ஷில்லிங்கும் கேட்டதில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். சிதம்பரத்துக்கென்றே உள்ளது சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும். சம்பா சாதம் என்பது நெய்யில் மிளகும் சீரகமும் பொடித்துப் போட்ட சோறு, அவ்வளவுதான். கொத்சுக்குப் பிஞ்சுக் கத்தரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி, மசித்து, புளி விட்டு, வறுத்து அரைத்த தனியா, மிளகாய், கடலைப்பருப்புப் பொடி சேர்க்க வேண்டும். கோயில் பக்குவத்தில் வெங்காயம் கிடையாது. ஊர் ஹோட்டல்களில் இட்லிக்கும் கொத்சு உண்டு. சித்திரை தொடங்கினால் பண்ருட்டிப் பலா, நுங்கு, பச்சை முந்திரி எல்லாம் சந்தைக்கு வந்துவிடும். பச்சை முந்திரி போட்ட குழம்பை வெளியூர்க்காரர்களுக்கு ஒருமுறை போட்டுப் பாருங்கள், அடுத்த கோடைக்கும் வருவார்கள்.

இந்தச் சாப்பாட்டுக்கும் ஒரு சோதனை வந்தது. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது, பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. வாழைக்கு உள்ள அவசரம் பலாவுக்குக் கிடையாது. கன்று வைத்துப் பல வருடம் காத்திருக்க வேண்டும். இன்று நாம் வாங்குகிற ஒவ்வொரு சுளையிலும் ஒரு விவசாயி காத்திருந்த காலம் இருக்கிறது.

மானியம் வந்தால்தான் விழாவா?

நம் ஊர் சில்வர் பீச்சிலும் மாவட்ட நிர்வாகம் சில ஆண்டுகளில் நெய்தல் கோடை விழா நடத்தியது. கலை நிகழ்ச்சிகளும் உணவுக் கடைகளுமாகத் தேவனாம்பட்டினம் நிறைந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் இப்படிப்பட்ட விழாவுக்கு உத்தரவும் நிதியும் வர வேண்டும். வராத வருடம் மேடை இல்லை. ஆனித் தேர் அப்படி நிற்பதில்லை. கொரோனா காலத்தில் கூட்டம் கூடத் தடை வந்தது உண்மை. தடை நீங்கியதும், தேர் வடம் பிடிக்க யாரும் யாருக்கும் அழைப்பு அனுப்ப வேண்டியிருக்கவில்லை. பங்கு வைத்திருப்பவன் தானாக வருவான்.

இன்னொரு கவலையும் உண்டு. சில கோயில்களில் மேளக்காரர் இருந்த இடத்தில் மின்சாரத்தில் ஓடும் மணி, முரசு இயந்திரம் வந்துவிட்டது. கல்யாண மண்டபங்களில் ஒலிபெருக்கியில் பதிவு செய்த கெட்டிமேளம். செலவு மிச்சம் என்கிறார்கள். அந்த மிச்சம் யார் வயிற்றிலிருந்து வந்தது என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

நம் குடியிருப்புக்கு ஒரு யோசனை

நம் சங்கமும் கோடையில் ஒரு மாலை விழா நடத்தலாம் என்று பேசி வருகிறது. வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, கேட்டரிங், டிஜே இரண்டுக்கும் கொடுத்துவிட்டால் வேலை சுலபம். ஆனால் அப்படிச் செய்தால் நாம் வாடிக்கையாளர்கள் ஆகிவிடுவோம். உணவு சரியில்லை என்று மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் புகார் எழுதுவதோடு நம் பங்கு முடிந்துவிடும்.

அதற்குப் பதில் மண்டகப்படி முறையைப் பார்க்கலாம். ஒரு பிளாக் நீர்மோரும் பானகமும். இன்னொரு பிளாக் சம்பா சாதமும் கொத்சும். மற்றொன்று பண்ருட்டியிலிருந்து பலாப்பழம், அதை அரிந்து சுளை எடுக்கிற வேலையோடு சேர்த்து. எண்ணெய் தடவிய கையோடு நாலு பேர் சேர்ந்து பலாப்பழம் அரிந்தால், அதுவரை லிஃப்டில் தலையசைத்ததோடு சரி என்று இருந்தவர்களும் பெயர் சொல்லிப் பேசுவார்கள்.

பட்ஜெட்டில் முதல் வரியாக நாதஸ்வரம், தவிலுக்கான சம்பாவனையை எழுதுவோம். மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று கடைசியில் தள்ள வேண்டாம். கடலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. அங்கே நாதஸ்வரமும் தவிலும் தேவாரமும் கற்றுத் தருகிறார்கள். அங்கு படித்து வெளிவந்த இளைஞர்களை அழைத்து, உரிய தொகை கொடுத்து, ஒரு மணி நேரம் வாசிக்கச் சொல்லலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் தவிலை இரண்டடி தூரத்தில் நின்று கேட்கட்டும். நெஞ்சில் வந்து இடிக்கும் அந்த ஓசை எந்தக் கைபேசியிலும் வராது.

கடைசியாக ஒன்று. நம் வாசல் காவலர்களும், துப்புரவுப் பணி செய்யும் அம்மாக்களும், தண்ணீர் மோட்டார் பார்க்கும் தம்பியும் பரிமாறுகிற வேலைக்காக மட்டும் அன்று வர வேண்டாம். குடும்பத்தோடு வரட்டும். முதல் பந்தியில் அவர்கள் உட்காரட்டும், நாம் பரிமாறுவோம். இதற்குத் தனிச் செலவு அதிகம் ஆகாது என்பதை நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். பிளாக் வாரியாகத் தோராயச் செலவுப் பட்டியல் என்னிடம் இருக்கிறது. அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன். கூட்டல் கழித்தலைச் சரிபார்த்துத் திருத்தங்கள் சொல்லவும்.