துடியலூருக்கு வந்த மூன்று கம்பிகள்

பதிவு கொஞ்சம் நீளம்தானுங்க. டீ குடிச்சுக்கிட்டே படிங்க. இன்டர்நெட் காற்றில்தான் வருகிறது என்று நினைக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்க.

நம்ம ஊருக்கு மூன்று கம்பிகள் வந்தன. தந்தி, போன் கம்பி ஒன்று. கரண்ட் கம்பி ஒன்று. கண்ணாடிக் கம்பி ஒன்று. அதுதான் ஃபைபர்.

கோவை – மேட்டுப்பாளையம் ரயில் பாதை திறந்தது 1873இல். ரயில் போகும் வழியே தந்திக் கம்பியும் போவது அந்தக் கால வழக்கம். 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அந்த மின்சாரம்தான் கோவையில் மில்களைப் பெருக்கியது. கவலை இறைத்த கிணறுகளில் மோட்டார் வைக்க வழி செய்ததும் அதுதான்.

போன் மட்டும் லேசில் வரவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த 1980களில், பணம் கட்டிவிட்டு இணைப்புக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1984இல் மத்திய அரசு சி-டாட் நிறுவனத்தைத் தொடங்கியது. வெயிலையும் தூசியையும் தாங்கும் சிறிய எக்ஸ்சேஞ்சுகளை அது உருவாக்கியது. பிறகு தெருமுனைகளில் எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. இதை நினைவில் வையுங்க, பின்னால் தேவைப்படும். வீட்டில் போன் இல்லாதவரும் துபாயில் இருக்கும் மகனுடன் பேசியது அந்த பூத்தில்தான்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் தந்தது. 2005இல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்தது. பழைய செப்புக் கம்பியிலேயே 256 கே.பி.பி.எஸ். வேகம். ஒரு கணக்குப் போடுவோமா? 5 எம்.பி. போட்டோ ஒன்றை இறக்க அப்போது ஏறக்குறைய 160 விநாடி. இன்று 100 எம்.பி.பி.எஸ். ஃபைபரில் அரை விநாடிகூட ஆகாது.

காரணம், பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் படித்த முழு அக எதிரொளிப்பு. தலைமுடி அளவு கண்ணாடி இழைக்குள் நுழைந்த ஒளி, வெளியே தப்பாமல் சுவரில் பட்டுப் பட்டு ஓடுகிறது. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி 1950களில் லண்டனில் இழைக் கற்றை வழியே படம் அனுப்பிக் காட்டினார். கண்ணாடியைப் போதுமான அளவு சுத்தமாக்கினால் செய்தி வெகுதூரம் போகும் என்று 1966இல் சொன்னவர் சார்லஸ் காவ். 2009இல் நோபல் பரிசு பெற்றார்.

இனி நம்ம ஊர்க் கதை. 2011இல் இரண்டு விஷயம் நடந்தது. பேரூராட்சியாக இருந்த துடியலூர் கோவை மாநகராட்சியில் சேர்ந்தது. அதே வருடம், கிராம ஊராட்சிகளுக்கெல்லாம் ஃபைபர் இழுக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. பின்னாளில் அதற்கு பாரத்நெட் என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகள் அந்தக் கணக்கில் வந்தன. பக்கத்துக் குருடம்பாளையம் அப்போது ஊராட்சி என்பதால் கணக்கில் வந்தது. மாநகராட்சி வார்டான நமக்கு இல்லை. நகரத்தைத் தனியார் பார்த்துக்கொள்வார்கள் என்பது ஏற்பாடு.

பார்த்துக்கொண்டார்கள்தான். மெயின் ரோட்டுக்கு முதலில் வந்தது. எங்கள் வீதிக்குக் கொண்டுவந்தவர் டி.வி. கேபிள்காரர். அதே கம்பம், அதே ஏணி, கம்பி மட்டும் புதுசு. ஒரே இழையைப் பிரிப்பான் வைத்து 32 வீடுகளுக்குப் பங்கு போடலாம் என்பதால்தான் அவருக்குக் கட்டுபடியானது. அதனால்தான், நாலு வீடு மட்டும் இருக்கும் தோட்டத்துச் சாலைக்கு யாரும் அவசரப்படவில்லை.

2020இல் பள்ளிகள் மூடியபோது இந்த வித்தியாசம் கண்ணில் குத்தியது. அரசின் கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்தது. ஆனால் டி.வி.யிடம் சந்தேகம் கேட்க முடியாதே! ஃபைபர் உள்ள வீட்டுப் பிள்ளை ஆசிரியரிடம் கேள்வி கேட்டது. இல்லாத வீட்டுப் பிள்ளை, அப்பா வேலை முடிந்து போனோடு வரும்வரை காத்திருந்தது. கம்பி அந்த வீதியிலேயே போனாலும், மாதக் கட்டணம் கட்ட முடியாத வீட்டுக்கு அது எட்டாத கம்பிதான்.

வாளையார் தாண்டினால் கேரளம். அங்கே 2023இல் கே-ஃபோன் தொடங்கியபோது, ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பதைத் திட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். 2020 டிசம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்த பி.எம்.-வாணி திட்டத்தில், டீக்கடைக்காரர்கூட உரிமம் இல்லாமல் வைஃபை விற்கலாம். அந்தப் பழைய எஸ்.டி.டி. பூத்தின் பேரன் அது! போனை எல்லோருக்கும் கொண்டுபோனது வீட்டு இணைப்பு அல்ல, பூத்துதான். ஃபைபரும் அப்படித்தான் கடைசி வீடு வரை போகும் என்பது என் எண்ணம்.

என் மாணவர்களில் கடை வைத்திருப்பவர்கள் உண்டு, கேபிள் தொழிலில் இருப்பவர்களும் உண்டு. அந்தத் திட்டத்தை ஒருமுறை விசாரித்துப் பாருங்க கண்ணுகளா. பரீட்சை எழுதும் பிள்ளை உங்கள் பக்கத்து வீட்டில் இருந்தால், இரண்டு மாதத்துக்கு வைஃபை பாஸ்வேர்டு கொடுங்க. கிணற்றுத் தண்ணீரையே பங்கு போட்டுக் குடித்த ஊர் இது.

உங்க வீதிக்கு ஃபைபர் எந்த வருஷம், யார் மூலமா வந்ததுன்னு கீழே எழுதுங்க. சேர்த்து வைக்கிறேன். அதுவும் நம்ம ஊர் வரலாறுதானே.