பெயர் பெற்ற வாள்கள்

பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஒரு மாலை, நம் பேச்சு ஜப்பானியச் சாமுராய் வாள்களின் பக்கம் திரும்பியது. புகழ்பெற்ற ஐந்து வாள்களுள் ஒன்று 'தோஜிகிரி'. தோஜி என்ற அரக்கனை வெட்டியதாகச் சொல்லப்படும் கதையே அதன் பெயராயிற்று. 'மிகாசுகி'க்கு அதன் அலகில் தெரியும் பிறைவடிவக் கோலங்கள் பெயர் தந்தன. இரண்டும் இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன.

நம்மிடம் இம்மரபு உண்டா? தொல்காப்பியம் வாளை வாழ்த்தும் வாள்மங்கலத்தைப் பாடாண் திணையின் துறையாக வகுக்கிறது; வாளுக்குப் பெயர் சூட்டுவதைத் துறையாக்கவில்லை. மராத்திய மரபில் சிவாஜியின் வாள் 'பவானி' எனப்பட்டது. அங்கே தெய்வத்தின் பெயர் வாளுக்கு வந்தது.

தெய்வத்தின் வாளுக்கே பெயர் உண்டென்பதை நினைவூட்ட மயிலாப்பூர் அருகிலேயே இருக்கிறது. திருமாலின் வாள் நாந்தகம். மகிழ்விப்பது என்று பொருள். விஷ்ணு புராணம் அவ்வாளை அறிவென்றும், அதன் உறையை அறியாமையென்றும் உருவகிக்கிறது. அந்த நாந்தகத்தின் அம்சமாகவே, மயிலையில் ஒரு கிணற்றில் செவ்வல்லி மலரில் பேயாழ்வார் தோன்றினார் என்பது வைணவ மரபு. ஐப்பசிச் சதயம் அவர் திருநட்சத்திரம். பக்திப் பித்தால் பேய் எனப் பெயர் பெற்ற அவர் பாடியது, நூறு வெண்பாக்கள் கொண்ட மூன்றாம் திருவந்தாதி.

ஜப்பானில் வாளின் பெயர் ஒரு வெட்டை நினைவில் வைத்தது. மயிலையிலோ வாளே கவிஞராகிவிட்டது. எந்த நினைவைப் பேணுவது என்பதை ஒவ்வொரு சமூகமும் பெயரிடும்போதே தீர்மானித்துவிடுகிறது என்று நமக்குத் தோன்றுகிறது.