அடையாற்றின் மாணவர் குரல்: கலை, மனம், அறம் (1936–2023)

தென்சென்னைக் கலைக்கல்வியின் வரலாற்றை எழுத வருபவர்களுக்கு நிறுவனர்களின் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. பேருரைகள், ஆண்டறிக்கைகள், நூற்றாண்டு மலர்கள் என்று அலமாரி நிறையக் கிடைக்கின்றன. அங்கே பயின்ற பிள்ளைகள் கலையைப் பற்றியும் தங்கள் மனத்தைப் பற்றியும் ஆசிரியரின் நடத்தையைப் பற்றியும் என்ன நினைத்தார்கள் என்று தேடினால்தான் ஏடு வெறுமையாக இருக்கிறது. நினைவுக்குறிப்பாகத் தொடங்கிய மாணவர் குரல் புகார் மனுவாக வந்து சேர்ந்த பாதையை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

1882 இறுதியில் பிரம்மஞான சபை அடையாற்றின் தென்கரையில் குடியேறியது. 1935 டிசம்பரில் சபையின் வைரவிழா மாநாட்டில் ருக்மிணி தேவி அருண்டேல் பரதநாட்டியம் ஆடினார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றவர் அவர். 1936 ஜனவரி 6 அன்று, பின்னாளில் கலாக்ஷேத்ரா என்று பெயர் பெற்ற பள்ளி பிறந்தது. இசை வேளாளர் குடும்பங்களின் பரம்பரை ஆட்டத்தில் எது தகும், எது ‘கொச்சை’ என்பதை நிறுவனரான அவர் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார். சிருங்காரம் குறைந்தது, பக்தி முன்னுக்கு வந்தது, உடையும் மேடையும் மாறின. ஆக, மாணவி வகுப்பில் கால்வைக்கும்போதே அறம் பற்றிய தீர்ப்பு முடிந்திருந்தது. அவள் செய்ய வேண்டியதெல்லாம் அதை உடலில் ஏற்றிக்கொள்வதுதான்.

அந்த அறம் ஏட்டளவில் நின்றதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஆலமரத்தடியில் எல்லாச் சமயப் பிரார்த்தனையோடு காலை விடியும்; நெசவுக்குத் தறிகள் இருந்தன. 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி விலங்குவதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார்; 1960இல் அரசின் சட்டமே வந்தது. மாணவர்கள் அவரை ‘அத்தை’ என்றே அழைத்தார்கள். குருவிடம் வாதாடுபவர்கள் உண்டு, அத்தையிடம் வாதாடுவது அரிது. முதல் தலைமுறை மாணவர்களின் எழுத்தில் நன்றி ததும்புவதும் விமர்சனம் அபூர்வமாக இருப்பதும் ஓரளவு இதனால்தான் என்று கருதுகிறேன்.

அதே வளாகத்தில் 1939 முதல் மரியா மாண்டிசோரி ஓலைக்கொட்டகைகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். போர்க்காலத்தில் இத்தாலியர் என்பதால் அவர்மீது கட்டுப்பாடுகளும் இருந்தன. தன் வேலையைத் தானே தேர்ந்துகொள்ளும் குழந்தை அவர் கல்விமுறையின் மையம். கூப்பிடு தூரத்து அடவு வகுப்பில் தட்டுக்கழி பலகையில் விழ, எல்லாக் கால்களும் ஒரே தாளத்தில் தரையைத் தொட வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று பாதித்ததாகச் சொல்வதற்கு வலுவான சான்று இல்லை.

மனம் குறித்த வினா அபிநய வகுப்பில்தான் எழுகிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் தொட்டே நம் மரபு உள்ளத்தை உடலில் வாசிக்கத் தெரிந்தது. பதினேழு வயதுப் பெண் வர்ணத்தில் பிரிவாற்றாத நாயகியாக நிற்கிறாள். தான் பட்டறியாத ஏக்கத்தை ஆசிரியர் முகத்தில் பார்த்துத் தன் முகத்தில் வரவழைக்கிறாள். இந்தச் சிருங்காரத்தைக் கழித்துக்கட்டுவது கலையையே கழிப்பதாகும் என்பது வீணை தனம்மாள் மரபில் வந்த பாலசரஸ்வதியின் நிலை. 1975இல் தமிழ் இசைச் சங்க விழாவின் தலைமையுரையில் அவர் அதைத் தெளிவாகவே வைத்தார். இந்த வாதம் இன்றும் டிசம்பர் சீசன் கேன்டீன்களில் காபியோடு ஓடுகிறது. ஆனால் வாதித்த ருக்மிணி தேவி, பாலசரஸ்வதி இருவரும் ஆசான்கள். மாணவி அங்கும் கேட்பவளாகவே இருந்தாள்.

கேள்வி கேட்கும் மாணவர் அச்சில் வந்தது அடையாற்று மரபின் வேறு கிளையில். 1909இல் அடையாறு கடற்கரையில் கண்டெடுக்கப்பட்டு, உலக குருவாக வளர்க்கப்பட்டு, 1929இல் அதற்கென உருவான அமைப்பையே கலைத்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. 1974இல் வெளியான அவரது கல்வி பற்றிய நூலின் முதற்பகுதியில் ரிஷி வேலி, ராஜ்காட் பள்ளி மாணவர்களோடு பேசுகிறார். பயம், ஒப்பிடுதல், தேர்வு, அதிகாரம் என்று பேச்சு போகிறது. பிள்ளைகளின் கேள்விகளும் உடன் அச்சேறியிருக்கின்றன. அதற்கு முந்தைய ஆண்டுதான் சென்னையில் அவரது அறக்கட்டளையின் பள்ளி தொடங்கியது.

இரு கிளைகளும் ஒருவரிடம் சந்தித்தன. ராதா பர்னியர் கலாக்ஷேத்ராவின் தொடக்ககால மாணவி. ருக்மிணி தேவிக்கு அண்ணன் மகளும் ஆவார். 1980இல் பிரம்மஞான சபைத் தலைவர் தேர்தலில் அத்தையும் மருமகளும் எதிரெதிரே நின்றார்கள். மருமகள் வென்றார். அதன்பின் அதே ஆண்டில், நாற்பதாண்டுகளுக்கும் மேலாகச் சபை எல்லைக்குள் வராத கிருஷ்ணமூர்த்தி அவரோடு அந்த வளாகத்தில் நடந்தார். 1986 பிப்ரவரியில் ஒரு வார இடைவெளியில் கிருஷ்ணமூர்த்தியும் (17) ருக்மிணி தேவியும் (24) மறைந்தார்கள். 1993இல் நாடாளுமன்றச் சட்டத்தால் கலாக்ஷேத்ரா தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. ‘அத்தை’யின் இடத்தில் ஆட்சிக்குழுவும் விதிமுறையும் வந்தன.

முழங்கையை உயர்த்தவும் இடுப்பைச் சரிசெய்யவும் ஆசிரியரின் கை மாணவரின் உடல்மேல் படுகிற கலை இது. அந்தக் கையின் எல்லையைப் பழைய அறம் ஆசிரியரின் நற்குணத்திடமே ஒப்படைத்திருந்தது. 2013இன் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் அதை உள்ளகப் புகார்க் குழுவிடம் கொடுத்தது. 2018இல் மீ டூ குற்றச்சாட்டுகளை அடுத்து மியூசிக் அகாடமி அவ்வாண்டு விழாவிலிருந்து ஏழு கலைஞர்களை நீக்கியது. கச்சேரி உலகம் அறத்தைப் பற்றி வெளிப்படையாக முடிவெடுத்த அரிய தருணம் அது.

2023 மார்ச் 30 அன்று கலாக்ஷேத்ராவின் திருவான்மியூர் வளாகத்தில் மாணவர்கள் தரையில் அமர்ந்தார்கள். பாலியல் தொல்லையும் உடலமைப்பைக் கேலிசெய்ததும் அவர்களின் குற்றச்சாட்டுகள். மறுநாள் மாநில மகளிர் ஆணையத் தலைவர் வந்து எழுத்துப்பூர்வப் புகார்களை வாங்கினார். ஏப்ரல் தொடக்கத்தில் ஆசிரியர் ஒருவர் கைதானார். ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. இந்தப் போராட்டம் பாரம்பரியத்தை இழிவுபடுத்துவதாகச் சிலர் வருந்தினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அபிநயத்தில் பிறர் மனத்தைப் படிக்கப் பழகியவர்கள் அந்தப் பயிற்சியை வகுப்பறையின் மீதே திருப்பினார்கள். அடையாற்று மாணவர்கள் கற்கும் காலத்திலேயே தம் ஆசிரியரைப் பற்றி எழுதிய மிகப் பெரிய தொகுப்பு, அநேகமாக அந்த ஆணையத்தின் கோப்புகளில்தான் இருக்கும்.