மாட்டின் பல்லும் பிள்ளையின் பல்லும்

தானம் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கொம்பையும் வாலையும் விட்டுவிட்டு ஏன் பல்லைச் சொன்னார்கள்? மாட்டின் வயதைச் சொல்வது அதன் வாய்தான். உழ்ஹிய்யாவுக்கு மாடு வாங்கப் போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முன்வரிசையில் இரண்டு பெரிய பற்கள் முளைத்திருந்தால் மாட்டுக்கு ஏறக்குறைய இரண்டு வயது என்று கணக்கு. விற்பவரின் வாய்ச்சொல்லை விட மாட்டின் வாய்க்கு மதிப்பு அதிகம்.

மனிதப் பிள்ளைகளுக்கும் இப்படிப் பல் பார்த்து வயது சொல்ல வேண்டும் என்று ஒருவர் பாராளுமன்றத்துக்கே எழுதினார். ஆண்டு 1837, நாடு இங்கிலாந்து.

கைத்தொழிற் புரட்சியை நாங்கள் வகுப்பில் படிப்பிக்கும்போது நீராவி இயந்திரம் வரும், நூற்கும் இயந்திரங்கள் வரும், புகையிரதம் வரும். அந்த இயந்திரங்களுக்குக் கீழே குனிந்து அறுந்த நூலை முடிந்த பிள்ளைகளைப் பற்றி ஒரு வரியில் கடந்துவிடுவோம். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கும் மேலாக ஆலைகளில் நின்ற காலம் அது.

பெரும் போராட்டத்துக்குப் பிறகு 1833இல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. துணி ஆலைகளில் 9 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது (பட்டு ஆலைகளுக்கு விலக்கு இருந்தது). 9 வயதிலிருந்து 13 வரை நாளுக்கு 9 மணித்தியாலம், வாரத்துக்கு 48 மணித்தியாலம் மட்டுமே. அவர்களுக்கு நாளுக்கு இரண்டு மணித்தியாலம் படிப்பும் கொடுக்க வேண்டும். 13ஐத் தாண்டினால் 12 மணித்தியால வேலை. சட்டத்தைக் கண்காணிக்க நாடு முழுவதுக்கும் நியமிக்கப்பட்டவர்கள் நான்கே நான்கு பரிசோதகர்கள்.

சட்டம் 9 என்றும் 13 என்றும் கோடு போட்டுவிட்டது. ஒரு பிள்ளை அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை எப்படி அறிவது?

அந்த நாட்டில் அப்போது பிறப்புப் பதிவு கிடையாது. அரசாங்கம் பிறப்புகளைப் பதியத் தொடங்கியதே 1837 ஜூலை 1இல்தான். அதற்கு முன்பு தேவாலயங்களில் ஞானஸ்நானப் பதிவேடு மட்டும் இருந்தது. அதில் உள்ளது ஞானஸ்நானம் கொடுத்த திகதி. அரச திருச்சபையைச் சேராத குடும்பங்களின் பிள்ளைகள் பலரும் அதில் இல்லை. கிராமத்தை விட்டு மன்செஸ்டர் போன்ற ஆலை நகரங்களுக்குப் பிழைக்க வந்தவர்கள் பதிவைத் தேடி எங்கே போவார்கள்? மூத்த பிள்ளையின் பத்திரத்தை இளைய பிள்ளைக்குக் காட்டுவதும் நடந்தது. பெற்றோரைக் குறை சொல்வது சுலபம். பிள்ளையின் கூலி இல்லாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

ஆகவே சட்டம் வைத்தியரிடம் பொறுப்பைக் கொடுத்தது. இந்தப் பிள்ளைக்கு ஒன்பது வயதுப் பிள்ளைக்குரிய சாதாரண உடற்பலமும் தோற்றமும் உண்டு என்று அவர் எழுதிக் கொடுத்தால் போதும். தோற்றம் என்றால் என்ன? நடைமுறையில் அது உயரமாகிப் போனது. ஏழு வயதில் வளர்ந்து நின்ற பிள்ளை ஒன்பதாகக் கணக்கிடப்பட்டது. உயரம் வயதை மட்டும் சார்ந்ததல்ல. தாய் தகப்பனின் உடல்வாகு, சாப்பாடு, நோய் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன.

இந்த இடத்தில்தான் எட்வின் சாண்டர்ஸ் வருகிறார். இலண்டன் பல் வைத்தியர், அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். வயதுக்குச் சோதனை பற்களே என்ற கருத்தில் ஒரு சிறு நூல் எழுதி, பாராளுமன்றத்தின் இரு சபை உறுப்பினர்களுக்கும் முகவரியிட்டார். ஆலைப் பிள்ளைகளின் பிரச்சினைக்காகவே எழுதப்பட்ட நூல் அது.

அவருடைய வாதத்தை விளங்கிக்கொள்ள நமது ஆரம்பப் பிரிவு வகுப்புகளைப் பார்த்தாலே போதும். ஆறு வயதளவில் பாற்பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் வரும். அதே காலத்தில் முன்பற்கள் ஆடத் தொடங்கும். அதனால்தான் முதலாம், இரண்டாம் தரத்துப் பிள்ளைகள் சிரித்தால் வாயில் ஒரு ஜன்னல் தெரிகிறது. ஒன்பது வயதாகும்போது பெரும்பாலும் எட்டு வெட்டும்பற்களும் வந்துவிடும். பிறகு வேட்டைப்பற்களும் முன்கடைவாய்ப்பற்களும். பன்னிரண்டு வயதளவில் இரண்டாம் கடைவாய்ப்பல். வறுமையும் நோயும் உயரத்தைக் குறைக்கிற அளவுக்குப் பல் வளர்ச்சியைப் பாதிப்பதில்லை. உயரத்தை விடப் பல் நம்பகமான மணிக்கூடு என்று அவர் சொன்னதை இன்றைய அறிவியலும் ஒப்புக்கொள்கிறது.

சாண்டர்ஸ் வெறுமனே கருத்துச் சொல்லவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் வாயைப் பார்த்து எண்ணினார். 9 வயதுப் பிள்ளைகள் 708 பேரில் 530 பேரின் வயதைப் பற்கள் சரியாகக் காட்டின. மீதி 178 பேரில் 126 பேர் எட்டரை வயதாகவும் 52 பேர் எட்டு வயதாகவும் தெரிந்தார்கள். 13 வயதுக்குரிய 338 பேரில் 294 பேரைப் பற்களை வைத்து உறுதியாகச் சொல்ல முடிந்தது.

இந்தக் கணக்கை இரண்டு விதமாக வாசிக்கலாம். நான்கில் மூன்று பங்கு பேருக்குச் சரி, ஆகக் கூடிய பிழையே ஓர் ஆண்டுதான் என்று மெச்சலாம். சாண்டர்ஸ் அப்படித்தான் வாசித்தார். ஆனால் அந்த 178 பேரின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். அவர்கள் உண்மை வயதை விட இளையவர்களாகத் தெரிந்தவர்கள். அந்தப் பிழையால் அவர்கள் ஆலைக்குச் செல்வது சில மாதங்கள் பிந்தும், அவ்வளவுதான். பிழை மறுபக்கம் விழுந்தால் எட்டு வயதுப் பிள்ளை இயந்திரத்துக்கு முன்னால் நிற்கும். இரண்டும் ஒரே அளவு பிழைதான். விலை ஒன்றல்ல.

இன்னொரு விடயமும் உண்டு. அந்நாட்டு வழக்கப்படி 7 வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் குற்றவாளியாகக் கொள்ள முடியாது. சட்ட மருத்துவம் படிப்பித்த அந்தனி டொட் தொம்சன் என்ற பேராசிரியர், முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் வெளிவராத பிள்ளை ஏழைத் தாண்டவில்லை என்று தயங்காமல் சொல்லலாம் என்று 1836இல் எழுதினார். தண்டனைக்கும் பாதுகாப்புக்கும் நடுவில் ஒரு பல் வந்து நின்றது.

பல் பார்க்கும் யோசனைக்குப் பிறகு சட்டம் இறுகிவிடவில்லை. 1844இல் வந்த அடுத்த சட்டம் பிள்ளைகளின் வேலை நேரத்தை நாளுக்கு ஆறரை மணித்தியாலமாகக் குறைத்தது, நல்லது. ஆனால் வேலைக்குச் சேர்க்கும் வயதை 9இலிருந்து 8ஆக இறக்கியது. அளவுகோலைத் திருத்தினார்கள், கோட்டையே நகர்த்திவிட்டார்கள். சாண்டர்ஸ் பின்னர் விக்டோரியா மகாராணியின் பல் வைத்தியரானார். 1883இல் சேர் பட்டம் பெற்றார், அதைப் பெற்ற முதல் பல் வைத்தியர் அவர்தான்.

1895இல் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட பிறகு இந்தக் கலை மாறியது. முரசுக்கு வெளியே வந்த பல்லை மட்டுமல்ல, தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லையும் வேரையும் பார்க்க முடிந்தது. 1973இல் கனடாவில் டெமிர்ஜியன் என்பவரும் அவரது குழுவினரும் கீழ்த்தாடையின் இடது பக்க ஏழு பற்களை எட்டுப் படிநிலைகளாகப் பிரித்து மதிப்பெண் கொடுக்கும் முறையை வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்தது பிரெஞ்சு வழிக் கனேடியப் பிள்ளைகள் 2,928 பேரை. அதே முறையை வேறு நாட்டுப் பிள்ளைகளிடம் பிரயோகித்தபோது பல இடங்களில் உண்மை வயதை விடக் கூடிய வயது வந்தது. மணிக்கூடு நல்லது, ஆனால் அது எல்லா ஊரிலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை.

இன்றைய சிக்கல் 18இல் இருக்கிறது. பதினைந்து, பதினாறு வயதுக்குப் பிறகு வாயில் வளர்ந்துகொண்டிருப்பது ஞானப்பல் மட்டும்தான். அது 17இலும் வரும், 25இலும் வரும், சிலருக்கு வராமலேயே போகும். பெற்றோர் இல்லாமல், பத்திரம் இல்லாமல் ஐரோப்பாவில் தஞ்சம் கேட்கும் இளைஞன் 17 வயதா 18 வயதா என்று கேட்டால் அந்தப் பல்லால் அறுதியாகச் சொல்ல முடியாது. 17 என்றால் அவன் பிள்ளை, அதற்குரிய பராமரிப்பு உண்டு. 18 என்றால் வளர்ந்தவன்.

2016இல் பிரான்ஸின் கலே முகாமிலிருந்து பிரித்தானியாவுக்கு வந்த சிறுவர்களின் பற்களைச் சோதிக்க வேண்டும் என்று அந்நாட்டு எம்.பி. ஒருவர் கேட்டார். பிரித்தானியப் பல் வைத்தியர் சங்கம் அது பொருத்தமற்றது, நெறிக்கு முரணானது என்று எதிர்த்தது. மருத்துவத் தேவை இல்லாமல் எக்ஸ்ரே எடுப்பது சரியல்ல என்பதும் அவர்களது வாதம். 2017இல் சுவீடன் ஞானப்பல் எக்ஸ்ரேயையும் முழங்கால் ஸ்கேனையும் பயன்படுத்தத் தொடங்கியது. சோதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் 18ஐத் தாண்டியவர்கள் என்றே முடிவு வந்தது. அந்த முறையை விஞ்ஞானிகளே கேள்வி கேட்டார்கள்.

1837ஐயும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்று பிள்ளை வயதில் கூடியவனாகத் தெரிந்தால் ஆலை முதலாளிக்கு இலாபம். இன்று கூடியவனாகத் தெரிந்தால் அரசாங்கத்துக்குச் செலவு குறைவு. பல் யாருக்கும் பக்கச்சார்பு காட்டாது. அது ஒரு வீச்சைச் சொல்கிறது, இத்தனையிலிருந்து இத்தனைக்குள் என்று. சட்டம் கேட்பது ஒற்றை இலக்கத்தை. வீச்சிலிருந்து எந்த இலக்கத்தை எடுப்பது என்பதை மனிதர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். சந்தேகம் வந்தால் பிள்ளை என்றே கொள்ள வேண்டும் என்பது இன்றைய சிறுவர் உரிமைக் கோட்பாடு. அன்று ஆலை வாசலில் அந்தக் கோட்பாடு இருந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் வீட்டில் இருந்திருப்பார்கள்!

உலகில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் சுமார் 15 கோடிப் பேரின் பிறப்பு இன்னும் பதியப்படவில்லை என்று 2024இல் யுனிசெப் சொன்னது. நாளை ஏதாவதொரு வாசலில் அவர்களுடைய வாயைத் திறந்து பார்க்க ஒருவர் காத்திருப்பார்.

தரம் ஒன்றுக்குப் பிள்ளையைச் சேர்க்க வரும்போது பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்திக் கேட்கிறீர்கள் என்று சில பெற்றோர் எங்களிடம் சலித்துக்கொள்வதுண்டு. அந்த ஒரு தாள் கையில் இருக்கிற பிள்ளையின் பல்லை யாரும் எண்ணத் தேவையில்லை.

கைத்தொழிற் புரட்சி படிப்பிக்கும் ஆசிரிய நண்பர்களே, அந்த 708 பிள்ளைகளையும் பாடத்துக்குள் கொண்டுவாருங்கள். ஒன்பது வயதில் உங்கள் வாயில் எத்தனை பல் இருந்தது என்று கேட்டுத் தொடங்கினால் கடைசி வாங்கில் இருப்பவனும் நிமிர்ந்து உட்காருவான்.