சீஸன் டிக்கெட் தந்த படிப்பு

நூற்றாண்டு மலரென்றால் அதிபர்களும் கட்டடங்களும் பரிசளிப்பு விழாக்களும் இடம்பெறுவது வழமை. அவற்றுக்கு வேறு பக்கங்கள் உண்டு. நம்மிற் பலரைக் கல்லூரி வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்த பஸ்ஸைப் பற்றியும் எழுதிவைக்க எண்ணினோம்.

நமக்கு மூத்த அக்காமார் காலத்தில் வடமராட்சியிலிருந்தோ தீவுப்பகுதியிலிருந்தோ யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் படிக்க வருவதென்றால் விடுதியில் இடம் வேண்டும். இல்லையேல் பட்டினத்தில் ஒரு மாமி வீடாவது வேண்டும். காங்கேசன்துறை வரை போன ரயில், பாதையோரத்து ஊர்களுக்கே உதவியது. பருத்தித்துறைக்கும் காரைநகருக்கும் புங்குடுதீவுக்கும் தண்டவாளம் இல்லை. தனியார் கம்பனி பஸ்களும் தட்டிவான்களும் ஓடினதான். ஆனால் வாழைக்குலையும் கத்தரிக்காய்ச் சாக்கும் ஏறிய தட்டிவானில் குமர்ப்பிள்ளையைத் தனியே ஏற்றிவிட எந்தத் தாய் துணிவாள்?

1945இல் இலவசக் கல்வி வந்தது. பள்ளிச் சம்பளம் ஒழிந்தாலும் பாதையின் நீளம் குறையவில்லை. 1958 ஜனவரி 1ஆம் திகதி தனியார் பஸ் சேவைகளை அரசு பொறுப்பேற்று இலங்கைப் போக்குவரத்துச் சபையை அமைத்தது. சிவப்புப் பஸ் ஊர்களுக்குள் வந்தது. மாணவருக்குச் சலுகை விலையில் சீஸன் டிக்கெட்டும் கிடைத்தது. விடுதிப் பணத்தையும் சீஸன் காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்த்த தகப்பன்மார் மகளையும் அனுப்பத் தொடங்கினார்கள். பட்டினத்துப் பிள்ளைக்கு 1945இல் வந்த இலவசக் கல்வி, கிராமத்துப் பிள்ளைக்குச் சீஸன் டிக்கெட்டோடுதான் வந்தது என்பது நம் எண்ணம்.

பருத்தித்துறையிலிருந்து 750இல் வந்தவர்களுக்கு வல்லை வெளி மறக்காது. மாரியில் இருபுறமும் தண்ணீர். காற்று கொப்பியைப் பிடுங்கும். அந்தப் பஸ்ஸில்தான் வாய்ப்பாடு பாடமாக்கினோம், சண்டையும் பிடித்தோம். கடைசி பஸ்ஸுக்குப் பயந்து வலைப்பந்துப் பயிற்சியை விட்டு ஓடியவர்களும் நம்மில் உண்டு. கல்லூரிக் குழுக்களின் பழைய படங்களில் பட்டினத்துப் பிள்ளைகளே கூடுதலாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

1978இல் சபை பிராந்தியங்களாகப் பிரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடம் கிடைத்தது. மினிபஸ் விரைவானதுதான். ஆனால் சீஸன் செல்லாது என்பதால், வெள்ளைச் சீருடையைக் கண்டதும் வேகத்தைக் கூட்டிய சாரதிகளும் இருந்தார்கள்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. ரயில் நின்றது, எரிபொருள் தடையால் பஸ்களும் அருகின. மண்ணெண்ணெயில் ஓடியவை புகை கக்கிக்கொண்டு ஓடின. பண்ணைப் பாதை மூடப்பட, தீவகப் பிள்ளைகளுக்குப் பட்டினமே எட்டாத இடமாயிற்று. மற்றவர்களுக்கு லுமாலா சைக்கிள் கைகொடுத்தது. பெண்பிள்ளை சைக்கிள் ஓடுவதா என்று முகம் சுழித்த ஊர்களும் வாயை மூடிக்கொண்டன. கரியரில் ஒருத்தியை ஏற்றிக்கொண்டு மைல்கணக்கில் மிதித்து வந்து சோதனை எழுதிய அந்த வகுப்புகளின் பெறுபேறுகளைப் புத்தகத்தில் பார்க்கும்போது, அவற்றின் பக்கத்தில் தூரத்தையும் குறித்திருக்கலாம் என்று தோன்றும்.

2005இல் மாணவருக்கென்றே ‘சிசு சரிய’ பஸ்கள் நாட்டில் ஓடத் தொடங்கின. போர் முடிந்தபின் கோண்டாவில், பருத்தித்துறை, காரைநகர் டிப்போக்களின் பஸ்கள் பழைய பாதைகளில் ஓடுகின்றன. குறிகட்டுவானுக்கு 776 போகிறது. அங்கிருந்து நெடுந்தீவுக்கு இன்றும் வள்ளத்தில்தான் போகவேண்டும். அந்தத் தீவுப் பிள்ளை பட்டினத்தில் படிப்பதற்கு இப்போதும் ஒரு மாமி வீடு தேடுகிறாள்.