13ஆம் பகுதியில் ஒரு வாக்குறுதி

அச்சில் வந்த ஒரு வாக்குறுதிதான் என்னைத் தேட வைத்தது. ஆலன் டூரிங்கின் ‘உருவத் தோற்றத்தின் வேதியியல் அடிப்படை’ என்ற கட்டுரையை லண்டன் ராயல் சொசைட்டி 1952 ஆகஸ்ட் 14 அன்று வெளியிட்டது. மொத்தம் 36 பக்கம். கடைசியில் வரும் 13ஆம் பகுதி மிகச் சிறியது. இலையடுக்கம், அதாவது தண்டைச் சுற்றி இலைகள் அமையும் முறை பற்றிய கோட்பாட்டை இன்னொரு கட்டுரையில் தருவதாகவும், அங்கே நேரியலற்ற சமன்பாடுகளைக் கையாளப்போவதாகவும் அதில் சொல்லியிருக்கிறார். என் ஜெராக்ஸ் பிரதியில் அந்த வரிக்கு எதிரே பென்சிலால் ‘எங்கே?’ என்று எழுதி வைத்திருந்தேன்.

அந்த இன்னொரு கட்டுரை எந்த இதழிலும் வரவில்லை. 1954 ஜூன் 7 அன்று, 41 வயதில் டூரிங் இறந்துபோனார்.

வராத கட்டுரைக்கு ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்டால் அது பரவிக் கலந்து எல்லா இடமும் ஒரே நிறமாகிவிடும். பரவல் என்றாலே வேறுபாட்டை அழிப்பது என்றுதான் பள்ளியில் படித்தோம். டூரிங் இதைத் தலைகீழாக்கினார். ஒன்றோடொன்று வினைபுரியும் இரண்டு வேதிப்பொருள்கள் வெவ்வேறு வேகத்தில் பரவினால், அந்தப் பரவலே சமநிலையைக் குலைத்துப் புள்ளிகளையும் வரிகளையும் உண்டாக்கும் என்று காட்டினார். கோலம் போட ஆள் இல்லை, புள்ளி வைக்கவும் ஆள் இல்லை. கோலம் மட்டும் வந்துவிடுகிறது. தன்னொழுங்கமைவுக் கணிதத்தின் மூல நூல்களில் ஒன்றாக அந்தக் கட்டுரை இன்று எண்ணப்படுவது இதனால்தான்.

ஆனால் அதில் உள்ள கணிதம் பெரும்பாலும் நேரியல் கணிதம். கோலம் தொடங்கும் கணத்தை அது சொல்லும். சின்னச் சலனம் எந்த அலைநீளத்தில் வேகமாக வளரும் என்பதைச் சொல்லும். அதற்கப்புறம் நேரியல் சமன்பாட்டில் அந்தச் சலனம் எல்லையே இல்லாமல் வளர்ந்துகொண்டே போகும். எந்தச் சிறுத்தையின் புள்ளியும் அப்படி வளர்வதில்லை. வளர்ச்சியை நிறுத்துவது எது? புள்ளியா வரியா என்று தீர்மானிப்பது எது? இதற்கெல்லாம் நேரியலுக்கு வெளியே வர வேண்டும். அதாவது 13ஆம் பகுதி தள்ளிப்போட்டது ஒரு பின்னிணைப்பை அல்ல, பாதி விஷயத்தை.

முதல் தடயம் ஒரு கடிதம். 1951 பிப்ரவரி 8 அன்று விலங்கியலாளர் ஜே. இசட். யங்குக்கு டூரிங் எழுதியது. தன் கோட்பாடு எதையெல்லாம் விளக்கும் என்று அதில் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்: கருக்கோளம் உள்மடிவது, நட்சத்திர மீனிலும் பூக்களிலும் காணும் பலகோணச் சமச்சீர், ஃபிபனாச்சி எண்கள் (5, 8, 13, 21 என ஒவ்வொன்றும் முந்தைய இரண்டின் கூட்டல்) வரும் இலையடுக்கம், விலங்குத் தோலின் வரிகளும் புள்ளிகளும், கடைசியாக ரேடியோலேரியா போன்ற கோள வடிவ உயிர்களின் மேற்பரப்பு. மளிகைச் சீட்டைச் சரிபார்ப்பதுபோல 1952 கட்டுரையை அருகில் வைத்து ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். கருக்கோளம் இருக்கிறது. ஹைட்ராவின் உணர்விழைகள் இருக்கின்றன. கையாலேயே கணக்கிட்டு வரைந்த திட்டுத்திட்டான படம் ஒன்றும் இருக்கிறது. இலையடுக்கமும் ரேடியோலேரியாவும் மட்டும் மிச்சம்.

ரேடியோலேரியா எளிதில் அகப்பட்டது. மான்செஸ்டரில் டூரிங்கிடம் முதுநிலை ஆய்வு செய்த பெர்னார்ட் ரிச்சர்ட்ஸ் சமன்பாடுகளைக் கோளத்தின் மேல் தீர்த்தார். 1872 முதல் 1876 வரை நடந்த சேலஞ்சர் கடற்பயணத்தில் சேகரித்தவற்றைக் கொண்டு விலங்கியலாளர் ஹெக்கல் வரைந்த ரேடியோலேரியாப் படங்களோடு, அவருக்குக் கிடைத்த முள் வடிவங்கள் பொருந்தின. அந்த ஆய்வேடு 1954இல் முடிந்தது.

இலையடுக்கத்துக்குக் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆவணங்களுக்குள் இறங்க வேண்டியிருந்தது. 1960இல் டூரிங்கின் தாய் சாரா ஒப்படைத்த தாள்கள் அவை. இப்போது அவற்றின் படங்களை யாரும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பார்ப்பது எளிது, படிப்பதுதான் பாடு. பல தாள்களில் தேதி இல்லை. சில தட்டச்சு, சில கையெழுத்து, அந்தக் கையெழுத்தோ மருத்துவர் சீட்டை அழகாகக் காட்டும். தாள்களின் வரிசை டூரிங் வைத்ததுதானா, பிறகு கைபட்டவர்கள் அடுக்கியதா என்று பல இடங்களில் சொல்ல முடியவில்லை. 1992இல் பி. டி. சாண்டர்ஸ் பதிப்பித்த தொகுப்பு நூல் மட்டும் கையில் இல்லாதிருந்தால் நான் பாதியிலேயே விட்டிருப்பேன்.

இலையடுக்கக் கோட்பாடு மூன்று பகுதிகளாகக் கிடந்தது. மூன்றாவது ரிச்சர்ட்ஸின் கோளத் தீர்வு. முதல் பகுதி முழுக்க வடிவியல். ஓர் அன்னாசிப் பழத்தை எடுத்து, செதில்கள் சரிந்து ஏறும் சுருள்களை எண்ணினால் ஒரு பக்கம் 8, மறுபக்கம் 13 என்று வரும். செடி பருக்கப் பருக்க, சுற்றளவோடு ஒப்பிட்டால் இலை இடைவெளி சுருங்கும். அப்போது 5, 8 என்ற இணை 8, 13 ஆகவும் பிறகு 13, 21 ஆகவும் நழுவும். ஒரு முறை இந்தத் தண்டவாளத்தில் ஏறிவிட்டால் இறங்க முடியாமலிருக்க என்ன நிபந்தனை வேண்டும் என்பதுதான் டூரிங்கின் கேள்வி. தொகுப்பு நூல் வந்த அதே 1992இல் பிரான்சில் டுவாடியும் கூடேவும் காந்தத் திரவத் துளிகளை ஒன்றன்பின் ஒன்றாக விழவைத்து ஃபிபனாச்சிச் சுருள்களை ஆய்வகத்திலேயே வரவழைத்தார்கள்.

என்னை நிறுத்தியது ‘டெய்சியின் வளர்ச்சி: ஒரு வரைவு’ என்ற தாள்கள்தான். அதில் வரும் சமன்பாட்டை முதல் தடவை பார்த்தபோது புரியவில்லை என்பதைவிட, நம்பவில்லை என்பதே சரி. 1952இன் இரண்டு வேதிப்பொருள்களும் வினைவேக மாறிலிகளும் பின்னுக்குப் போய்விட்டன. முன்னால் நிற்பது U என்ற ஒரே அளவு. ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தைத் தவிர மற்றவற்றையெல்லாம் அமுக்கிவிடும் செயலியொன்று அதன்மேல் இயங்குகிறது. பிறகு U-வின் இருபடி உறுப்பு. அதற்கும் பிறகு, U வளர வளரத் தானும் பெருகி, வேகமாகப் பரவி அதை அடக்கும் V. இந்த V-க்கு அவர் கொடுத்த பெயர் ‘நஞ்சு’.

திரவத்தை அடியில் சூடாக்கினால் எழும் சுழற்சிக்கோலங்களைப் படித்த எவருக்கும் அந்தச் செயலி பழகிய முகம். 1977இல் ஸ்விஃப்ட், ஹோஹென்பெர்க் இருவரும் எழுதிய சமன்பாட்டின் நேரியல் உறுப்பு அது! 23 வருடத்துக்கு முன்பே இறந்துபோனவரின் தாளில் அது எப்படி வந்தது? கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு மாலை முழுக்கத் துள்ளிக்கொண்டிருந்தேன். மறுநாள் தேடியதில், கணிதவியலாளர் ஜோனதன் டாஸ் 2016இலேயே இதை விரிவாக எழுதியிருப்பது தெரிந்தது. ஆவண வேட்டையில் இதுவும் சகஜம்; குகைக்குள் போய்ப் பார்த்தால் ஏற்கெனவே யாரோ விளக்கேற்றி வைத்திருப்பார்கள்.

டாஸின் கட்டுரையின் துணையோடு தாள்களை மறுபடி படித்தேன். வளர்ச்சியை நிறுத்துவது எது? நஞ்சு. புள்ளியா வரியா? இருபடி உறுப்பு புள்ளிகளை அறுகோணங்களாக நெருக்கி அடுக்கும். விட்டுப்போன பாதிக்கான விடைகள் இங்கே இருந்தன. வேகமாகப் பரவித் தடுக்கும் பொருள் என்ற கருத்தை கீரரும் மைன்ஹார்ட்டும் தனியாக எட்டி வெளியிட்டது 1972இல். டூரிங்கின் முதல் கட்டுரையின் திருத்திய பிரதி ராயல் சொசைட்டிக்கு வந்தது 1952 மார்ச் 15. தன்பாலுறவுக்காக நீதிமன்றம் டூரிங்கைத் தண்டித்தது மார்ச் 31. அதற்குப் பிந்தைய டூரிங்கை ஒடிந்துபோன மனிதராகவே நினைத்துப் பழகியிருந்தேன். இந்தத் தாள்களில் ஒடிவு எதுவும் எனக்குத் தெரியவில்லை. முந்தைய கட்டுரையைவிடத் துணிச்சலான கணிதம் இது.

இனி எஞ்சியவை கணினித் தாள்கள். டூரிங் பயன்படுத்திய மான்செஸ்டர் கணினிக்கு எண்களை 32 அடிமான முறையில், டெலிபிரின்டர் எழுத்துகளாக எழுத வேண்டியிருந்தது. சுழியத்துக்குச் சாய்கோடு. சிறிய இலக்கம் முதலில், பெரியது கடைசியில், அதாவது எல்லாமே பின்னிருந்து முன். டூரிங்குக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எனக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ‘அவுட்டர்ஃபர்’ என்று ஒரு நிரலுக்குப் பெயர். ஃபர் கூம்பை நினைத்து வைத்ததாக இருக்க வேண்டும். இவற்றைப் பொறுமையாகப் பிரித்துப் படித்தவர் ஜோனதன் ஸ்விண்டன். அவர் கட்டுரை 2004இல் வந்தது. பின்னர் பொதுமக்கள் வளர்த்துத் தந்த 657 சூரியகாந்திகளின் சுருள்களை எண்ணிய ஆய்விலும் அவர் இருந்தார். பெரும்பாலான பூக்கள் ஃபிபனாச்சி எண்களுக்குக் கட்டுப்பட்டன. சில கட்டுப்படவில்லை.

வடிவியல் ஒரு கோப்பில் இருக்கிறது, நஞ்சுச் சமன்பாடு இன்னொன்றில். சமன்பாட்டைக் கணினியில் ஓட்டினால் அதிலிருந்தே 8, 13, 21 வந்து விழும் என்று காட்டும் தாள்தான் இரண்டையும் இணைக்க வேண்டியது. கையில் கிடைத்த எல்லாத் தாள்களையும் புரட்டிவிட்டேன். நிரல்கள் இருக்கின்றன, விளக்கமில்லாத எண் வரிசைகள் இருக்கின்றன, அந்தத் தாள் மட்டும் இல்லை.

ஜெராக்ஸ் ஓரத்தில் ‘எங்கே?’ என்பதற்குக் கீழே ‘கிங்ஸ் கல்லூரி, C பிரிவு’ என்று குறித்துக்கொண்டேன். கேள்விக்குறியை அழிக்கவில்லை.