மேற்குலகத் தொல் நாகரிகக் கல்வியும் தொண்டை மண்டலச் சான்றுகளும்

மேற்குலகத் தொல் நாகரிகக் கல்வி என்பது பண்டைய கிரேக்கம், ரோம், அவற்றின் வழிவந்த பைசாந்தியம், இடைக்கால ஐரோப்பா ஆகியவற்றின் வரலாற்றைக் கற்கும் துறையாகும். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின் ஆங்கிலக் கல்வியின் ஒரு பகுதியாகத் தமிழகத்தில் இது வேரூன்றியது. அப்படி வந்ததால் அயல்நாட்டு வரலாறு என்ற முத்திரை அதன்மேல் விழுந்தது. இன்றளவும் அது நீங்கவில்லை. சான்றுகளைப் பார்த்தால் இந்த முத்திரை பொருந்தாது. ரோமப் பேரரசின் பொருளியலை அறிய முயல்வோர் தமிழக மண்ணில் கிடைத்த காசுகளையும் பானையோடுகளையும் தவிர்த்துவிட்டு எழுத இயலாது. எனவே சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் படிக்கும் மாணவருக்கும் இது தம் வட்டார வரலாற்றோடு சேர்த்துக் கற்க வேண்டிய பாடமாகும்.

சான்றுகளில் முதலிடம் அரிக்கமேட்டுக்கு உரியது. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அமைந்த இவ்வூரின் பெருமை ஆய்வுலகுக்குத் தெரியவந்ததில் சென்னைக்கும் பங்குண்டு. 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், எழும்பூர் அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் ஆம்போரா எனப்படும் ரோம மதுச்சாடியின் உடைந்த பகுதியைக் கண்டார். அது அரிக்கமேட்டிலிருந்து வந்தது என்றறிந்து புதுச்சேரி சென்ற அவர், அங்கே இத்தாலியின் அரெட்சோ நகரில் வனையப்பட்ட செம்பளபளப்பான அரிட்டைன் ஓடுகளையும் கண்டார். மறு ஆண்டே அகழாய்வு தொடங்கியது. அரிட்டைன் கலங்களின் அடியில் விபியெ, காமுரி, இட்டா என்று இத்தாலியக் குயவர் பட்டறைகளின் முத்திரைகள் இருந்தன. அந்தப் பட்டறைகள் இயங்கிய காலம் ஐரோப்பிய ஆய்வாளர்களுக்குத் தெரியும். ஆகவே அவ்வோடுகள் கிடந்த மண்ணடுக்கு கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது என்று வீலரால் கணிக்க முடிந்தது. அதே அடுக்கில் கிடைத்த உள்ளூர்ப் பானை வகைகளுக்கும் காலம் கிடைத்தது. அவற்றைக் கொண்டு தென்னிந்தியாவின் பிற இடங்களுக்கும் காலம் குறிக்கப்பட்டது. இத்தாலியக் குயவனின் முத்திரை தமிழ் நிலத்தின் கால அட்டவணைக்கு அடித்தளமான நிகழ்ச்சி இது. பின்னர் 1989 முதல் 1992 வரை அகழ்ந்த விமலா பெக்லி, இவ்வூரின் வாழ்வு வீலர் கருதியதைவிட முன்பே தொடங்கி நெடுங்காலம் நீடித்தது என நிறுவினார்.

காசுகள் இன்னொரு வகைச் சான்று. அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய பேரரசர்களின் வெள்ளிக்காசுகள் கொங்குப் பகுதியில் புதையல் புதையலாகக் கிடைத்துள்ளன; சென்னை மாம்பலத்திலும் முத்திரைக் காசுகளோடு அகஸ்டஸ் காசு ஒன்று கிடைத்தது. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் வெளிப்பட்ட 501 பொற்காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் அரசன் முகத்தின் குறுக்கே உளியால் ஓங்கி வெட்டிய தழும்பு உள்ளது. பொன்னின் தரத்தைச் சோதிக்க இட்ட வெட்டு என்பார் சிலர். தரம் பார்க்க விளிம்பில் ஒரு சிறு கீறல் போதும். முகத்தைச் சிதைக்கும் வெட்டு, இது இனி நாணயமாகச் செல்லாது, எடைக்குப் பொன் மட்டுமே என்று அறிவிப்பதற்கு இட்டது என்று கொள்வதே பொருத்தம். இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் என்னும் ரோமப் பணத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று ரோம எழுத்தாளர் பிளினி குறைபட்டுக்கொண்டதை ஐரோப்பிய வரலாற்று நூல்கள் தவறாமல் சொல்லும். வந்த பணம் இங்கே என்னவாயிற்று என்பதைச் சொல்ல இந்தத் தழும்புகளைத்தான் பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் சேரநாட்டு மிளகுக்கும் கொங்குநாட்டு மணிக்கும் உரிய சான்றுகள், சென்னையை உள்ளடக்கிய தொண்டை மண்டலத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பாலாற்று முகத்துவாரத்தை அடுத்த வசவசமுத்திரத்தில் 1970இல் மாநிலத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் ஆம்போரா ஓடுகளும் உறைகிணறுகளும் வெளிப்பட்டன. பண்டைய புவியியலாளர் தாலமி குறிப்பிடும் மயிலார்ப்பா என்ற வணிகத்தலம் மயிலாப்பூர் என்று கருதப்படுகிறது. மேற்கே, கொசஸ்தலை ஆற்றுப் பகுதியில் திருவள்ளூரை அடுத்த பட்டரைப்பெரும்புதூரில் 2015-16இல் நடந்த அகழாய்வு, இரும்புக்காலம் முதல் வரலாற்றுத் தொடக்கக்காலம் வரை நீண்ட குடியிருப்பையும் சுடுமண் உறைகிணற்றையும் காட்டியது. ஆவடியிலிருந்து ரயிலில் எளிதில் போய்வரக்கூடிய தொலைவில், கடல் வணிகத்துறைகளுக்குப் பின்புலமாக அமைந்த உள்நாட்டு ஊர் எப்படி இருந்தது என்பதை அறிய இதைவிட நல்ல இடம் இல்லை.

உள்ளூர்ப் பற்றால் சான்றுகளை ஊதிப் பெருக்குவதாக இன்னொரு மறுப்பு எழும். இந்த எச்சரிக்கை தேவையானதே. உட்புறத்தில் வட்டவட்டமாகச் சிறு கொத்தல்கள் கொண்ட ரௌலட்டட் தட்டுகளை ஒரு காலத்தில் ரோம இறக்குமதி என்றே எழுதினர். அவை இந்திய மண்ணில் வனைந்தவை என்பதைக் களிமண் ஆய்வுகள் காட்டிவிட்டன. ரோமர் இங்கே ஆட்சி செலுத்தியதற்கும் எந்தச் சான்றும் இல்லை. ஆயினும் தொடர்பு ஒருவழிப்பட்டதன்று. எகிப்தின் செங்கடல் துறைகளான குசேர் அல்-காதிம், பெரனிகே ஆகியவற்றில் கண்ணன், சாத்தன், கொற்றபூமான் என்ற பெயர்கள் தமிழ் பிராமியில் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. பெரனிகேயின் கோயில் பகுதியில் இந்தியச் சாடி ஒன்றில் சுமார் 7.5 கிலோ மிளகு இருந்தது. வியன்னாவில் உள்ள பாப்பிரஸ் ஆவணம் ஒன்று, சேரநாட்டுத் துறைமுகமான முசிறியிலிருந்து ஹெர்மப்போலன் என்ற கப்பல் ஏற்றிச்சென்ற சரக்கின் மதிப்பைக் கணக்கிடுகிறது. அது சுமார் 70 லட்சம் செஸ்டர்ஸ். இவ்வளவும் ஊதிப் பெருக்கியவை அல்ல.

இடைக்காலத்துக்கு வரும்போது தொடர்பின் வழி மாறுகிறது. 476இல் மேற்கு ரோம் வீழ்ந்ததோடு கதையை முடிப்பது ஐரோப்பியப் பாடநூல் வழக்கம். தமிழகத்திலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைக்கும் நான்கு, ஐந்தாம் நூற்றாண்டு ரோமச் செப்புக்காசுகள் வணிகம் எளிதில் அறுந்துவிடவில்லை என்கின்றன. பரங்கிமலையில் 1547இல் கண்டெடுத்த சிலுவையைச் சுற்றியுள்ள எழுத்து பகலவி, அதாவது பாரசீகம். மேற்குக் கிறித்தவத்துக்கும் இக்கடற்கரைக்கும் இடையே பாரசீகத் திருச்சபை நின்றதற்கு அது சாட்சி. இங்கிலாந்தின் ஆல்பிரட் மன்னன் 883இல் இந்தியாவில் இருந்த, இயேசுவின் சீடர் தோமையாரின் தலத்துக்குக் காணிக்கை அனுப்பியதாக ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. 1291-92இல் மாண்டிகோர்வினோ ஜான் என்ற பிரான்சிஸ்கன் துறவி சீனம் செல்லும் வழியில் தோமையார் கோயில் இருந்த இந்தியப் பகுதியில் 13 மாதம் தங்கினார். சற்றேறக்குறைய அதே காலத்தில் மார்க்கோ போலோவும் இத்தலத்தைக் குறிப்பிட்டார். பரங்கிமலையையும் பூந்தமல்லியையும் இணைக்கும் சாலையின் ஒரு முனையில் இத்தகைய உலகத் தொடர்பு இருந்ததை இப்பகுதிப் பள்ளிகள் சொல்லித்தர வேண்டாமா?

இன்று தமிழ்நாடு அரசின் ஒன்பதாம் வகுப்புப் பாடநூலில் தொடக்ககாலத் தமிழ்ச் சமூகம் ஓர் அலகாகவும், செவ்வியல் உலகமும் இடைக்காலமும் வேறு அலகுகளாகவும் உள்ளன. இம்மூன்றையும் ஒருசேர வைத்து நடத்த ஆசிரியர்கள் முன்வர வேண்டும். அதற்கான ரோமக் காசுகள் எழும்பூர் அருங்காட்சியகத்திலேயே இருக்கின்றன.